சிம்னிக்குள் போகிற கை

சாவியைக் கொடுக்கும்போது பகவதியம்மாள் அழவில்லை. எனக்கு அது அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் கொஞ்சமாவது மூக்கைச் சிந்த வேண்டாமா? அவரோ தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

வீடு ஒழுகினசேரியில், பழையாற்றுக் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. தாய்வழிச் சொத்தைப் பங்குவைக்கச் சட்டம் வந்த பிறகு நாஞ்சில்நாட்டில் எத்தனையோ பெரிய வீடுகள் கைமாறின. அதில் இதுவும் ஒன்று. வாங்கியது என் அண்ணன் ஞானையன். மணிமேடைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தான். சபையில் டீக்கன் வேறு. நாகர்கோவிலுக்குக் கரண்டு வந்த புதிது அது. கம்பம் அந்தத் தெருமுனை வரை வந்திருந்தது. வீடு அவனுக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வர வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். என் அண்ணனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பகவதியம்மாள் எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அண்ணனும் அவன் மனைவி ராகேல் மைனியும் முன்னால் போனார்கள். அவர்கள் மகள் செசிலி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முன்பல் விழுந்து, பேசினால் காற்றுப் போகிற வயது அவளுக்கு. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் அறப்புரை இருந்தது. நெல் போட்டுவைக்கிற அறை. சுற்றிலும் கனத்த பலகைச் சுவர், ஜன்னல் கிடையாது, குனிந்து நுழைய ஒரு கதவு. திறந்ததும் பழைய நெல்லின் வாடை வந்தது. அதற்கடியில் காய்ந்த வேப்பிலை வாடையும் இருந்தது. பூச்சி விழாமல் நெல்லில் வேப்பிலை போடுவது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு காரியம் சொல்லுதேன், கேட்டுக்கிடணும்," என்றார் பகவதியம்மாள். "அந்திக்கு இந்த அறைக்கு ஒரு விளக்கு வரணும். வீட்டுப் பொம்பள யாராவது கையில கொண்டு வரணும். வந்து, 'விளக்கு வந்தாச்சு மக்களே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேற ஒண்ணும் செய்யண்டாம்."

"உள்ள சாமி எதாவது வச்சிருக்கியளா?" என்று அண்ணன் கேட்டான்.

"சாமியா?" அவர் அந்தக் கதவையே பார்த்தார். "இல்ல. அப்பிடி ஒண்ணும் இல்ல."

அண்ணன் தலையை ஆட்டினான். ஜவுளிக்கடைக்காரன், யார் என்ன சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவான். தெருவுக்கு வந்த பிறகுதான் குரல் மாறியது.

"அஞ்ஞானம்! ஒரு டீக்கன் வீட்டில கதவுக்கு விளக்கு காட்டுனா நாளைக்குச் சபையில என்ன பேசுவாவ?"

"பின்ன எதுக்குத் தலைய ஆட்டினிய?" என்றாள் மைனி.

"வெளிச்சம்தான அந்தம்மைக்கு வேணும்? குடுத்திருவோம்."

கொடுக்கத்தான் செய்தான். கரண்டு இழுத்தபோது வீட்டின் முதல் பல்ப் அறப்புரையில் தொங்கியது. இரவும் பகலும் எரியும், அந்த சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்று கட்டளை. "திரி போட்டா ஆராதனை, பல்ப் போட்டா விஞ்ஞானம்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். பேய் பிசாசுக் கதை கேட்டால் எனக்குக் கொட்டாவிதான் வரும்.

நாங்கள் குடிவந்த பிறகு ஒரு சத்தம் கேட்டது, அந்தி நேரத்தில் மட்டும்.

கூடத்தில் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவோம். பாட்டு முடிந்து கண்ணை மூடும்போது, பலகைச் சுவருக்கு அப்பால் ஏதோ மெதுவாக இழுபட்டுக் கதவுப்பக்கம் வரும். வந்து நின்றுவிடும். பெருச்சாளி என்று அண்ணன் பொறி வைத்தான். பொறியில் வைத்த தேங்காய்த் துண்டு காய்ந்து சுருண்டதுதான் மிச்சம். பெருச்சாளி வந்தால் எதையாவது பிறாண்டும், திரும்பிப் போகும். இது போகாது. நாங்கள் ஆமென் சொல்லி எழுந்திருக்கும் வரைக்கும் கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்கும். நான் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கணக்கு டீச்சருக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

ஒரு நாள் செசிலி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமி, உள்ள எரியது விளக்கு இல்லியாம்."

"யாருட்டி சொன்னா?"

"உள்ள நிக்க பிள்ள. யாரும் கொண்டு வரல்லியாம். அது சும்மா எரியுதாம்."

அவளுக்கு ஒரு அதட்டுப் போட்டுவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே மைனி கையிலிருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் கேட்டிருந்தாள்.

புரட்டாசி கடைசியில் மழைக்கு முந்தின வேலைகள் தொடங்கின. போன வருஷத்து மழையில் ஆற்றோரக் கம்பங்கள் சாய்ந்து, ஊரே இருட்டில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. கரண்டை நம்பிப் பழைய விளக்குகளைக் காயலானுக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டில் போய்ச் சிம்னி விளக்கு இரவல் கேட்ட கதை மணிமேடை வரைக்கும் சிரிப்பாய்ச் சிரித்தது. மைனி அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்கிறவள் அல்ல. மண்ணெண்ணெய் டின்னை மச்சில் ஏற்றினாள். தீப்பெட்டிகளை நமத்துப் போகாமல் அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனால் புன்னைக்காய் எண்ணெய் ஒரு பரணி நிறைய. விறகும் தென்னங்கொதும்பும் அடுப்புக்கு மேலே அடுக்கினாள். மேசை விளக்கு, சுவர் விளக்கு, அரிக்கேன் விளக்கு எல்லாம் மச்சிலிருந்து இறங்கின. எல்லாவற்றின் சிம்னியிலும் பழைய கரி பிடித்திருந்தது.

சிம்னி துடைக்கிற வேலை செசிலிக்கு. எங்கள் வீடுகளில் அது எப்போதும் பிள்ளைகளின் வேலைதான். நடுவில் உப்பி, மேலும் கீழும் ஒடுங்கின அந்தக் கண்ணாடிக்குள் பெரியவர்கள் கை போகாது. அடுப்புச் சாம்பலைத் துணியில் தொட்டு, கையை முழங்கை வரை உள்ளே விட்டு அவள் திருகித் திருகித் துடைப்பாள். கீச் கீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வாரத்தில் மைனி ஒரு நாள் சுசீந்திரம் போய்வந்தாள். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திரி நறுக்கினாள்.

"பகவதியம்மாளைப் பாத்துட்டு வாறேன் நேசம்."

"என்னத்துக்கு மைனி?"

"கரண்டு போச்சுன்னா அந்த அறைக்கு என்ன செய்யணும்னு கேக்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவ்வியளுக்கு ஒரு அக்கா இருந்திருக்கு. நாகம்மைன்னு பேரு. நம்ம செசிலி வயசுதான். பிள்ளைக்கு வைசூரி கண்டிருக்கு. சர்க்கார் ஆளுவ வந்தா தூக்கிட்டுப் போயி ஊருக்கு வெளிய கொட்டகையில போட்டிருவானுவன்னு பயந்து, அறப்புரைக்குள்ள ஒளிச்சு வச்சு வெளிய தாழ் போட்டிருக்காவ. அந்திக்குப் பெத்தவ மட்டும், 'விளக்கு வந்தாச்சு மக்களே'ன்னு பிள்ளையக் கூப்பிட்டுக்கிட்டு, விளக்கும் கஞ்சியுமா உள்ள போவாளாம்."

"பிறவு?"

"பெத்தவளுக்கும் கண்டுட்டு. நினைவு தப்பி அப்பிடியே போயிட்டா. வீடு நிறைய ஆளு. பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு போறது அவியன்னு இவியளும், இவியன்னு அவியளும் நினைச்சிருக்காவ." மைனி திரியைக் கீழே வைத்தாள். "யாரும் போவல்ல."

எத்தனை நாள் என்று கேட்பதற்குப் பதில் நறுக்கின திரிகளை எண்ணினேன்.

"அவ இருட்டுக்குப் பயப்படல்ல நேசம். விளக்கு கொண்டு வாறவளத்தான் பாத்துக்கிட்டு நிக்கா. பல்ப் போட்டு என்ன செய்ய? இன்னொண்ணும் சொன்னாவ. அந்த அறை இருட்டாயிட்டுன்னா, கதவுகிட்ட பிள்ளைய தனியா விட்டிரப்பிடாதாம். காத்திருக்கதுக்குத் துணை பிடிச்சுக்கிடுவாளாம்."

அன்றைக்கே அவள் அண்ணனிடம் பேசினாள். அறப்புரைக்கும் ஒரு அரிக்கேன் விளக்கு ஒதுக்க வேண்டும், கரண்டு போனால் தானே கொண்டு போய் வைப்பேன் என்றாள். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. நாகம்மையின் கதையைச் சொன்னாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"இந்த வீட்டில எல்லா அறைக்கும் விளக்கு உண்டு. அதுக்குக் கிடையாது. நெல்லுக்கு எதுக்கு வெளிச்சம்?"

சொன்னதோடு நிற்கவில்லை. கடைப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அறப்புரைக் கதவில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். மைனி அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நாகம்மைக்கும் தாழ் வெளிப்பக்கம்தான் போட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டு நான் நனைந்து வந்து சேர்ந்தேன். அண்ணனும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். வானம் அப்படியே இறங்கி ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆற்றுச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. செசிலி அடுக்களை நடையில் சிம்னிகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாள். கீச், கீச். மைனி அவளைத் தன் கண் மறைவில் விடவில்லை.

அந்தி வேளையில் பல்புகள் ஒரு தடவை மங்கின. மறுபடி எரிந்தன.

பிறகு போயின.

"தயாரா இருந்தது நல்லதாப் போச்சு பாத்தியா," என்று இருட்டில் அண்ணன் குரல் பெருமையாகக் கேட்டது. மைனி அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தீப்பெட்டியைத் தேடினாள். அவ்வளவு நேரம்தான். ஒரு தீக்குச்சி கிழிக்கிற நேரம். விளக்கு எரிந்ததும் நடையைப் பார்த்தோம். சாம்பல் சட்டி இருந்தது. துடைத்த சிம்னிகள் இருந்தன. செசிலியைக் காணோம். அவள் கையிலிருந்த சிம்னியையும் காணோம்.

"செசிலி!"

மைனி விளக்கோடு கூடத்துக்கு ஓடினாள். அண்ணன் வாசல் கதவைப் பார்த்தான்; தாழ் போட்டது போட்டபடியே இருந்தது. நான் கட்டிலுக்கடியில், கொல்லைக் கதவோரம், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அப்போதுதான் கேட்டது.

கீச், கீச்.

சத்தம் அறப்புரைக்குள் இருந்து வந்தது.

அண்ணன் விளக்கை உயர்த்தினான். பூட்டு பூட்டினபடி தொங்கியது. சாவி அவன் அரைஞாணில் கிடந்தது. பூட்டைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், மறுபடி பூட்டைப் பார்த்தான்.

உள்ளே ஒரு கீச்.

கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பதில் மாதிரி இன்னொரு கீச்.

அண்ணன் பூட்டைத் திறந்தான். திறந்தது. கதவுதான் அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தான். சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டே இடித்தான். பலகை அதிர்ந்ததே ஒழிய ஒரு நூல் அளவு விலகவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி இல்லை. யாரோ சும்மா சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"அப்பா, தள்ளாதிங்க," என்றது செசிலியின் குரல். காற்றுப் போகிற அதே குரல். "இவ பயப்படுகா."

அண்ணனின் கை கதவிலிருந்து தானாக விழுந்தது.

மைனி கையில் அரிக்கேன் விளக்கோடு வந்தாள். அவள் அழவில்லை. தலைமுடியை இறுக்கி முடிந்திருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அடுப்படிக்குப் போகிற பெண் மாதிரிதான் இருந்தாள்.

"மாறுங்க."

"சொல்லாத ராகேல்," என்று அண்ணன் கிசுகிசுத்தான். "நீ அந்த வார்த்தையச் சொன்னா அது இந்த வீட்டில குடியிருந்திரும்."

"இப்பம் மட்டும் எங்க குடியிருக்கு?"

அவன் விலகினான். மைனி விளக்கைக் கதவுக்கு நேரே பிடித்தாள்.

"விளக்கு வந்தாச்சு மக்களே."

கீச்சுச் சத்தம் நின்றது. மழை, ஆறு, எல்லாம் நின்றுபோன மாதிரி எனக்கு இருந்தது. பிறகு பலகைத் தரையில் அந்த இழுபடுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது கதவிலிருந்து பின்னால் போனது.

கதவு தானாகக் கொஞ்சம் விலகியது.

வேப்பிலை வாடை முகத்தில் அடித்தது. காய்ந்த இலை அல்ல. இப்போதுதான் கொப்போடு ஒடித்துக்கொண்டுவந்த பச்சை இலை.

மைனி குனிந்து உள்ளே போனாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்குத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளியே தனியாக நிற்க முடியாமல்தான் போனேன். நெல் பத்தாயத்தின் அடியில் செசிலி உட்கார்ந்திருந்தாள். மடியில் சிம்னி. வலது கையில் சாம்பல் துணி. இடது கையைப் பக்கவாட்டில் தூக்கி வைத்திருந்தாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

ஆனால் அவள் மணிக்கட்டில் சதை அமுங்கியிருந்தது. சின்னச் சின்னக் குழிகளாக, விரல் விரலாக அமுங்கியிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன்.

"அம்மா, கஞ்சி எங்கன்னு கேக்கா," என்றாள் செசிலி.

மைனி திரும்பாமலே, "நேசம், கஞ்சி," என்றாள்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். பாதிக் கஞ்சி தரையில் சிந்தியது. கிண்ணத்தில் ஊற்றி, பிலா இலையைக் கரண்டி மாதிரி கோட்டி வைத்துக்கொண்டு வந்தபோது அறப்புரை வாசலில் அண்ணன் நின்றான். கிண்ணத்துக்குக் கையை நீட்டினான். கொடுத்தேன். சபையில் திருவிருந்துத் தட்டை ஏந்துகிற அதே கைகளில் அந்தக் கிண்ணம் இருந்தது. குனிந்து உள்ளே போய், தன் மகளுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்துக்கு முன்னால் வைத்தான். அவனை அதற்கு முன் நான் அவ்வளவு நேசித்ததில்லை.

"நேரமாயிட்டு மக்களே, தப்புதான்," என்றாள் மைனி அந்த வெறும் இடத்தைப் பார்த்து. "கஞ்சியக் குடிங்க. விளக்கு இங்கயே இருக்கட்டும். இவளுக்கு உறக்கம் வருது, கைய விடுங்க. நாளைக்கு அந்திக்கு நான் வருவேன்."

மணிக்கட்டில் குழிகள் அப்படியே இருந்தன.

"நாளைக்கும் வருவேன். அடுத்த நாளும் வருவேன்."

குழிகள் இன்னும் ஆழமாயின. செசிலி "ஆ" என்றாள்.

"வருவா," என்றான் அண்ணன். "நான் தடுக்கமாட்டேன். இனிமே கதவும் பூட்டமாட்டேன். வருவா மக்களே."

ஒரு விரலின் குழி மெல்ல மேலே வந்தது. பிறகு அடுத்தது. கடைசி விரல் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தது.

செசிலியின் கை மடியில் விழுந்தது. மைனி அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

விடிந்ததும் அண்ணன்தான் போய்ப் பார்த்தான். மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்திருந்தது. கஞ்சி ஆடை கட்டி அப்படியே இருந்தது. பிலா இலை மட்டும் கிண்ணத்துக்கு வெளியே தரையில் கிடந்தது. நனைந்திருந்தது.

கரண்டு வந்த அன்று அண்ணன் அறப்புரை பல்பைத் தன் கையால் கழற்றினான். டீக்கன் வேலையையும் விட்டான். சபையில் காரணம் கேட்டவர்களுக்குக் கடையில் வேலை அதிகம் என்றான். அன்றிலிருந்து எல்லா அந்திக்கும் மைனி விளக்கும் ஒரு கிண்ணம் கஞ்சியுமாக அந்தக் கதவுக்குப் போனாள். காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஊருக்குப் போனால் அந்திக்குள் திரும்பிவிடுவாள். அவள் தம்பி கல்யாணத்தில்கூடப் பந்திக்கு நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. செசிலிக்கு அந்த அந்தி நினைவே இல்லை. சிம்னி துடைத்தேன், தூங்கிவிட்டேன் என்பாள். மைனியும் நானும் அதைத் திருத்தவில்லை.

வருஷங்கள் போயின. செசிலி பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கிப் படிக்கப் போனாள். போன விடுமுறையில் வந்தவள் விளையாட்டாக அடுக்களை விளக்கின் சிம்னியை எடுத்துக் கையை விட்டுப் பார்த்தாள். விரல்களுக்கு மேல் போகவில்லை. "மாமி, இனி உங்களுக்கு யாரு துடைப்பா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து, குச்சியில் துணி சுற்றித் துடைத்துக்கொள்வேன் என்றேன்.

இந்த ஐப்பசியில் மைனியின் அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இன்று காலை அண்ணனும் மைனியும் பார்க்கப் போனார்கள். "அந்திக்குள்ள வந்திருவேன் நேசம்," என்று படியிறங்கும்போது மைனி சொன்னாள். மத்தியானம் மழை பிடித்தது. பஸ் ஒன்றும் வரவில்லை, வழியில் எங்கோ தண்ணீர் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் கண்டதையும் நினைக்கும் என்று, குச்சியும் துணியும் எடுத்துக்கொண்டு மச்சில் ஏறி விளக்குகளை இறக்கினேன். போன மழைக்குப் பிறகு யாரும் தொடாத விளக்குகள். தகரத்தில் தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது.

சிம்னிகள் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

ஒன்றை எடுத்துக் கூடத்து பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. உட்பக்கம், உப்பின நடுவில், சாம்பல் படிந்த விரல் தடங்கள். சின்ன விரல்கள். செசிலியின் கை வளர்ந்துவிட்டது. இந்தக் கை வளரவில்லை.

பல்ப் மங்கியது. மறுபடி எரிந்தது.

பிறகு போயிற்று.

அறப்புரைக்குள் ஏதோ மெதுவாக இழுபட்டுக் கதவுப்பக்கம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் எனக்கு மறந்திருக்கவில்லை. வந்து நின்றது.

அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். தீப்பெட்டி கிடைத்தது. விளக்கை ஏற்றினேன். கஞ்சியை ஊற்றினேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்காதா, மைனியின் குரல் கேட்காதா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டே கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"விளக்கு வந்தாச்சு மக்களே."

அந்தப் பக்கம் அசைவில்லை. பச்சை வேப்பிலையின் வாடை கதவிடுக்கில் மெல்லக் கசிந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவளின் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

"அம்மா எங்க?" என்றது.